சவுத்தாம்ப்டன்: துறைமுகம் யாருடையது, நகரம் யாருடையது?

சவுத்தாம்ப்டன் நகருக்குப் புதிதாகக் குடிவரும் தமிழர் பலரும் சில வாரங்களுள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இது துறைமுக நகரம் என்கிறார்களே, கடல் எங்கே? கேள்வி நியாயமானது. நகர மையத்தினின்று தெற்கு நோக்கி எவ்வழியில் நடப்பினும் பெரும்பாலும் எதிர்ப்படுவது கம்பிவேலியும் காவற்கூடமுமே. வேலிக்கு அப்பால் பத்து மாடி உயரத்தில் உல்லாசப் பயணக் கப்பல் தெரியும். ஏற்றுமதிக்காக வரிசையில் நிற்கும் புதிய கார்கள் தெரியும். தண்ணீர் மட்டும் தெரியாது. துறைமுகத்தின் பெரும்பகுதி தனியார் நிலம். அது மாநகர சபையின் சொத்தன்று.

இவ்வழிகாட்டியின் ஏனைய பக்கங்கள் வீட்டு வரி, குப்பை சேகரிப்பு, பாடசாலை அனுமதி முதலியவற்றை விளக்குகின்றன. இக்கட்டுரை அச்சேவைகளுக்குப் பின்னணியாயுள்ள நகரத்தைப் பற்றியது. இந்நகரில் எது பொதுமக்களுடையது, அது எவ்வாறு அவர்களுடையதாயிற்று, புதிதாக வந்தோருக்கு அதில் என்ன பங்கு என்பவற்றை அதன் வரலாற்றைக்கொண்டே விளக்க முயல்கிறோம்.

நீர்வழி

டெஸ்ட், இச்சன் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில், அவற்றுக்கிடையே அமைந்த தீபகற்பத்தில் பழைய நகரம் எழுந்தது. ஆறுகள் கலந்தபின் ‘சவுத்தாம்ப்டன் வாட்டர்’ எனப்படும் நீண்ட கழிமுகம் கடலை நோக்கிச் செல்கிறது. அதன் வாயிலுக்கு எதிரே வைட் தீவு அரண்போற் கிடந்து அலைகளின் வேகத்தைத் தணிக்கிறது. இவ்விடத்தின் வற்றுப்பெருக்கும் தனித்தன்மை உடையது. நீர் உச்சத்தை அடைந்து, சற்றே தணிந்து, மீண்டும் உயரும். இதனால் பெரிய கப்பல்கள் வந்துபோவதற்கு ஏற்ற உயர்மட்டம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நிலைக்கிறது. வைட் தீவின் இருபுறமும் வெள்ளம் தனித்தனியே வந்து சேர்வதே இதற்குக் காரணம் என்று ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வர். உண்மையில் ஆழங்குறைந்த ஆங்கிலக் கால்வாய் முழுவதிலும் நீர் ஊசலாடும் முறையே இதன் காரணம். எனினும் தீவைப் பற்றிய கதை எளிதாயிருப்பதால் அதுவே நிலைத்துவிட்டது.

இரு தெருக்கள்

உரோமர் காலத்தில் இச்சன் ஆற்றின் கீழ்க்கரையில், இன்றைய பிற்றன் பகுதியில், ஒரு சிறு குடியிருப்பு இருந்தது. கி.பி. 700 அளவில் ஆற்றின் மேற்கரையில் ‘ஹாம்விக்’ என்னும் சாக்சனியர் வணிகப் பட்டினம் தோன்றியது. இன்றைய செயின்ட் மேரிஸ் பகுதியே அது. 2001இல் திறக்கப்பட்ட உதைபந்தாட்ட அரங்கின் கட்டுமானத்துக்கு முன் அகழ்ந்தபோது பழைய சாக்சனியரின் புதைகுழிகள் வெளிப்பட்டன. ஹாம்ப்ஷயர் என்னும் முழு மாவட்டமும் இந்நகரின் பெயராலேயே வழங்குகிறது என்பது பலர் அறியாதது.

1066இல் நோர்மானியர் வந்தபின் நகரம் சற்று மேற்கே பெயர்ந்தது. அங்கே இரு நெடுந்தெருக்கள் ஒன்றுக்கொன்று இணையாக அமைந்தன: ஒன்று ஆங்கிலேயர் தெரு, மற்றொன்று பிரெஞ்சுத் தெரு. முன்னது இன்று ‘ஹை ஸ்ட்ரீட்’ எனப் பெயர் மாறிவிட்டது. பின்னது இன்றும் ‘பிரெஞ்ச் ஸ்ட்ரீட்’தான். வென்றவரும் தோற்றவரும் அயல் தெருக்களில் வாழ்ந்து, ஒரே கப்பற்றுறையைப் பயன்படுத்தினர்.

பிற்காலத்தில் இத்தாலிய வணிகரின் கப்பல்கள் வரத் தொடங்கின. ஜெனோவாவினின்றும் வெனிசினின்றும் வந்த அக்கலங்கள் ஆங்கிலக் கம்பளியை ஏற்றிச் சென்றன. பட்டு, மது, சாயப்பொருள்களுடன் வாசனைத் திரவியங்களையும் இறக்கின. அவற்றுள் மலையாளக் கரையின் மிளகும் இலங்கையின் கறுவாவும் இருந்தன. அராபியர் கைமாறி, எகிப்து வழியே வெனிசை அடைந்து அங்கிருந்து இங்கு வந்தவை அவை. நம் பகுதியின் பொருள் நம்மவர்க்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இத்துறையில் வந்திறங்கிவிட்டது.

பொருளுடன் வந்த மனிதர் பெரும்பாலும் பெயரின்றிப் போயினர். ஆயினும் நகரெல்லைக்குச் சற்று வடக்கே, நோர்த் ஸ்டோனம் தேவாலயத்தின் தரையில், 1491ஆம் ஆண்டுக் கல்லறைப் பலகை ஒன்று உள்ளது. அட்ரியாட்டிக் கடலின் கீழ்க்கரையைச் சேர்ந்த ஸ்லாவிய மாலுமிகளின் சங்கம் தம்மவரை அடக்கஞ் செய்வதற்காக அமைத்தது அது. அந்நிய நாட்டில் இறப்போருக்கு முறையான அடக்கம் வேண்டும் என்பதற்காகப் பணம் திரட்டிச் சங்கம் நடத்திய தொழிலாளரை நம்மவர் எளிதிற் புரிந்துகொள்வர்.

அக்காலத்தில் நகர உரிமை எல்லோருக்கும் உரியதன்று. ஏறத்தாழ 1300இல் எழுதப்பட்ட ‘ஓக் புக்’ என்னும் சட்டச் சுவடி, மர அட்டைகளுக்கிடையே கட்டப்பட்டதால் அப்பெயர் பெற்றது. வணிகர் சங்கத்தின் விதிகள் அதில் உள்ளன. சங்க உறுப்பினர் நோயுற்றால் அவருக்கு உணவும் மதுவும் அனுப்ப வேண்டும் என்கிறது ஒரு விதி. வரும் சரக்கை வாங்குவதில் உறுப்பினருக்கே முதலிடம், அயலார் காத்திருக்க வேண்டும் என்பது அதே சுவடியின் கருத்து. உள்ளிருப்போருக்கு அரவணைப்பு, வெளியிலிருப்போருக்கு வரிசை. நகர ஆட்சியின் பழமையான முகம் இதுவே. அதை மறைத்து வரலாறு எழுதுவதிற் பயனில்லை.

1338 ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த வேளையில், பிரெஞ்சுப் படையினரும் ஜெனோவாப் படையினரும் கடல்வழி வந்து நகரைச் சூறையாடித் தீயிட்டனர். அதன்பின் மேற்குக் கரையிலும் மதில் எழுந்தது. இன்று மேற்கு மதிலை ஒட்டி நடப்போர், சுவருக்குள் கதவு, சாளர வடிவங்கள் கல்லால் அடைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வணிகரின் வீடுகளே மதிலாக மாற்றப்பட்டதன் அடையாளங்கள் அவை. வாசலில் இறங்கிக் கப்பலுக்குச் சென்றோர் தம் வாசலை அடைக்க வேண்டியதாயிற்று. அன்று தொடங்கியது, நகர மக்களுக்கும் நீருக்கும் இடையே தடுப்பு எழும் வழக்கம். மதிலில் ஏறத்தாழப் பாதி இன்றும் நிற்கிறது. நகரின் நடுவே நிற்கும் ‘பார்கேட்’ வாயில் மதிலினும் பழமையானது.

பொதுநிலமும் முறைப்பாட்டு மன்றமும்

நகரின் வடபுறத்தே ஏறத்தாழ 326 ஏக்கர் பரப்பில் காடும் புற்றரையும் குளங்களுமாக விரிந்திருக்கும் ‘கொமன்’ பலருக்கும் அறிமுகமானது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், மாலையில் நடைபயில்வோர், விழாக்களுக்குச் செல்வோர் என எல்லோரும் பயன்படுத்தும் இடம். இதை நகரம் அடைந்தது ஒரு வழக்கின் முடிவில்.

அந்நிலம் தன்னுடையது என்றார் அயலிலிருந்த ஷர்லி பண்ணையின் பிரபு நிக்கலஸ். அதில் மாடு மேய்ப்பதும் விறகு எடுப்பதும் தம் உரிமை என்றனர் நகரத்தார். 1228இல் இணக்கம் ஏற்பட்டது: நகரத்தார் பத்து வெள்ளி மார்க் கொடுத்தனர், பிரபு தம் உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டார். பத்து மார்க் என்பது அக்காலத்திற் சிறு தொகையன்று. ஆயினும் எண்ணூறு ஆண்டுகளாக அந்நிலத்தில் எவரும் வீடு கட்டி விற்க முடியாதிருப்பதற்கு அத்தாளே அடித்தளம். சட்டம் பயின்றவன் என்ற முறையில், இந்நகரின் ஆவணங்களுள் மிக மலிவாகக் கிடைத்த பெருஞ்சொத்து இதுவே என்பேன்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இச்சொல் ஒரு சிக்கலைத் தருகிறது. ‘கொமன்’ என்பதைப் புறம்போக்கு என மொழிபெயர்த்தால் அரசின் நிலம் என்ற பொருள் வந்துவிடுகிறது. மேய்ச்சற்றரை என்றால் மாட்டோடு நின்றுவிடுகிறது. பூங்கா என்றால் யாரோ மனமுவந்து அமைத்துத் தந்தது போலாகிறது. வேறொருவர் பெயரில் நிலம் இருப்பினும் அதைப் பயன்படுத்தும் உரிமை குறித்த மக்களுக்கு உண்டு என்பதே பழைய ஆங்கிலச் சட்டத்தில் இச்சொல்லின் கருத்து. ‘பொதுநிலம்’ என்றே சபையின் தமிழ்ப் பக்கங்களில் எழுதிவருகிறேன், முழு நிறைவில்லாமலே.

அப்பொதுநிலத்தின் வடக்கெல்லையில், திறந்தவெளியில் ஒரு காலத்தில் கூடியது ‘கோர்ட் லீட்’ என்னும் மன்றம். நகரத்தார் ஆண்டுக்கொருமுறை கூடித் தம் முறைப்பாடுகளை முன்வைத்த இடம். 1550 முதலான பதிவுகள் பேணப்பட்டுள்ளன. வாசிப்பதற்குச் சுவையானவை அவை. தெருவிற் சாணக் குவியல், வீதியில் அலையும் பன்றி, அளவிற் குறைத்து விற்கும் பெற்றி வணிகர், பொதுநிலத்தில் அளவுக்கு மிஞ்சி மாடு விட்டவர், ஓரடி ஈரடியாக வேலியைத் தள்ளிப் போட்டவர் என நீள்கிறது பட்டியல். வேலி தள்ளும் கலை எல்லா நாட்டுக்கும் பொதுவானது போலும்.

1977ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை நீக்கியது. வழக்கமான மரபுச் செயல்களை மட்டும் தொடர இடமளித்தது. சவுத்தாம்ப்டனில் அது இன்றும் ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் கூடுகிறது. நகரின் ஷெரிப் தலைமை தாங்குகிறார். 1447இல் இந்நகரம் தனி மாவட்டமாக உயர்த்தப்பட்டதால் வந்த பதவி அது. வதிவாளர் எவரும் முறைப்பாட்டை எழுத்தில் அளிக்கலாம். நடைபாதை, மரம், போக்குவரத்து, பேருந்துத் தரிப்பிடம் என எதுவும் பொருளாகலாம். மன்றம் எவரையும் தண்டிக்காது. ஆனால் முறைப்பாடு பதிவாகும், சபையின் உரிய பிரிவு விடையளிக்கும். வெறும் சடங்கு என்று இதை ஒதுக்குவோர் உளர். எழுத்தில் பதிந்த முறைப்பாட்டுக்கும் வாய்ப்பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தோர் அவ்வாறு கருதார்.

வந்தோரும் சென்றோரும்

1567இல், தாழ்நாடுகளில் சமயக் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த வலூன் மக்களுக்கு முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் இங்கே புகலிடம் கிடைத்தது. துறையருகிலுள்ள செயின்ட் ஜூலியன் தேவாலயத்தில் அவர்கள் தம் பிரெஞ்சு மொழியில் வழிபட அனுமதி பெற்றனர். நெசவுத் தொழில் அறிந்தவர்கள் அவர்கள். இன்றும் வின்கில் ஸ்ட்ரீட்டில் அச்சிறு தேவாலயத்தைக் காணலாம். 1620இல் ‘மேபிளவர்’ கப்பல் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டதும் இத்துறையிலிருந்தே. பழுது காரணமாக அது பின்னர் டார்ட்மத்துக்கும் பிளிமத்துக்கும் செல்ல வேண்டியதாயிற்று. சமயத்துக்காக வந்தோரை ஏற்ற நகரம், அரை நூற்றாண்டு கழித்துச் சமயத்துக்காக வெளியேறுவோரையும் வழியனுப்பியது.

பதினேழாம் நூற்றாண்டில் வணிகம் தேய்ந்தது. பதினெட்டில் நகரம் செல்வர் கடல்நீராட வரும் ஓய்விடமாயிற்று. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1806 முதல் 1809 வரை மதிலையொட்டிய வீடொன்றில் வாழ்ந்தார்.

மறுமலர்ச்சியைத் தந்தது புகையிரதம். இலண்டனிலிருந்து பாதை 1840இல் நிறைவுற்றது. புதிய கப்பற்றுறை 1842இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 24இல் பி அண்ட் ஓ நிறுவனத்தின் ‘இந்துஸ்தான்’ நீராவிக் கப்பல் இங்கிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதன்பின் கீழைநாட்டு அஞ்சல் சவுத்தாம்ப்டன் வழியே சென்றது. பயணிகள் இங்கே கப்பலேறி அலெக்சாந்திரியாவில் இறங்குவர். தரைவழியே சூயஸ் சென்று மறு கப்பலேறுவர். அக்கப்பல் இலங்கையின் காலித் துறையிலும் சென்னையிலும் தங்கிக் கல்கத்தாவை அடையும். கொழும்பு பெருந்துறையாகுமுன் காலியே நிலக்கரி ஏற்றும் இடமாயிருந்தது. ஆக, ஒரு தலைமுறைக் காலம் நம் நாட்டு அஞ்சற் பைகள் இவ்வூரில் இறங்கியே இலண்டன் சென்றன. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் அந்நிறுவனம் படிப்படியாக இலண்டனுக்குப் பெயர்ந்துவிட்டது.

1912

டைட்டானிக் கப்பலைப் பற்றி அறியாதார் இலர். 1912 ஏப்பிரல் 10இல் அது இத்துறையின் 44ஆம் தங்குமிடத்தினின்று புறப்பட்டது. திரைப்படங்கள் செல்வப் பயணிகளைக் காட்டும். இந்நகரின் நினைவில் உள்ளோர் வேறு மக்கள்: கொதிகலனுக்குக் கரி இடுவோர், உணவு பரிமாறுவோர், அறை துடைப்போர். ஏறத்தாழ 900 பணியாளருள் 700க்கு மேற்பட்டோர் சவுத்தாம்ப்டன் முகவரி தந்தவர்கள். அவருட் பலர் இவ்வூரிற் பிறந்தோரல்லர். 1907இல் கப்பல் நிறுவனம் தன் சேவையை லிவர்பூலிலிருந்து இங்கு மாற்றியபோது பிழைப்புக்காகக் குடும்பத்துடன் வந்தோர். 1912 மார்ச்சில் நாடெங்கும் நடந்த நிலக்கரி வேலைநிறுத்தத்தால் கப்பல்கள் முடங்கி, வாரக்கணக்கில் கூலியின்றி இருந்தனர். வேலை கிடைத்தது பெரும்பேறாகவே தோன்றியிருக்கும்.

இந்நகரத்தோர் 549 பேர் மாண்டனர். நோர்தம், செயின்ட் மேரிஸ் பகுதிகளில் துயர் காணாத தெருவைத் தேட வேண்டியிருந்தது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1894ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டப்படி, கப்பல் மூழ்கியதும் மாலுமியின் பணி முடிந்தது. பணி முடிந்ததும் கூலி நின்றது. ஆகவே ஏப்பிரல் 15 அதிகாலை வரைக்குமே சம்பளம். உயிர்தப்பியோருக்கும் அதுவே விதி. பனிக்கடலில் படகிற் கழித்த மணிகளுக்குக் கூலியில்லை. மாண்டோரின் குடும்பங்களுக்கு இருந்த பிடி வேறொன்று: 1906ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். அது மாலுமிகளையும் உள்ளடக்கியிருந்ததால், அவரை நம்பியிருந்தோர் கூலிக்கேற்ப, உச்சவரம்பு 300 பவுண்டு வரை கோர முடிந்தது. ஆறாண்டுகள் முன்பு நேர்ந்திருந்தால் அதுவும் இல்லை.

பொதுமக்கள் நாடெங்கும் வாரி வழங்கிய நிதி 4,00,000 பவுண்டைத் தாண்டியது. அது பங்கிடப்பட்ட முறை இன்று வாசிக்கையில் மனத்தை உறுத்துகிறது. கணவர் வகித்த பதவியின் தரத்துக்கேற்ப விதவைகள் எழுத்தடுக்கில் வகுக்கப்பட்டனர்: அதிகாரியின் மனைவிக்கு உயர்ந்த தொகை, கரி இடுவோன் மனைவிக்குக் கடைசித் தொகை. நடத்தையைக் கண்காணிக்க ஒருவர் வீடு வீடாகச் சென்றார். குடிப்பழக்கம் முதலிய காரணங்களால் உதவி நிறுத்தப்பட்டதும் உண்டு. சட்டம் தந்த நட்டஈடு உரிமையாக வந்தது, யாருடைய நற்சான்றையும் கேட்கவில்லை. நன்கொடை இரக்கமாக வந்தது, கேட்டது. சபையின் உதவிப்பணம் பெறத் தயங்கும் மூத்தோர் பலர் இது பிச்சையா என வினவுவதுண்டு. சட்டம் வரையறுத்த தகுதியை உடையோருக்கு அது உரிமை. இரு வகைக்குமுள்ள வேறுபாட்டை 1912இன் விதவைகள் நன்கறிந்திருப்பர்.

சட்டமும் பின்னர் மாறியது. கப்பல் மூழ்கி வேலையிழக்கும் மாலுமிக்கு இரு மாதம் வரை கூலி வழங்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1920இல் உடன்படிக்கை செய்தது. 1925இல் அது பிரித்தானியச் சட்டமாயிற்று.

பொறியியலாளருக்கான வெண்கல நினைவுச்சின்னம் 1914இல் நகர நடுவிலுள்ள பூங்காவில் திறக்கப்பட்டது. சாதாரணப் பணியாளருக்கான நீரூற்று 1915இல் கொமனில் அமைந்தது. அங்கே சேதப்படுத்தப்பட்டதால் 1972இல் ஹோலிரூட் தேவாலயத்தின் இடிபாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. இரண்டையும் பார்க்க விரும்புவோர் சிறியதையும் தவறாது பார்க்கவேண்டும். விரிவான வரலாறு 2012இல் திறந்த சீசிற்றி அருங்காட்சியகத்தில் உள்ளது. அது பழைய நீதிமன்றக் கட்டடம்.

போர்களும் பிள்ளைகளும்

முதல் உலகப்போரில் படைகள் கப்பலேறிய முதன்மைத் துறை இது. ஷர்லியிலுள்ள ஹோலிபுரூக் மயானத்தில் கடலில் மாண்டு உடல் கிடைக்காதோரின் நினைவுச் சுவர் உள்ளது. கிச்சனர் பிரபுவின் பெயர் அங்குண்டு; 1917 பெப்ரவரியில் வைட் தீவுக்கருகே மூழ்கிய ‘மெண்டி’ கப்பலின் கறுப்பினத் தென்னாபிரிக்கத் தொழிற்படையினர் ஏறத்தாழ அறுநூறு பேரின் பெயர்களும் உண்டு. ஆயுதம் தரப்படாமல் கூலிவேலைக்கென அழைத்துவரப்பட்டோர் அவர்கள். அமைச்சரும் கூலியாளும் ஒரே சுவரில் இடம்பெற்றுள்ளனர்.

1937 மே மாதத்தில் ஸ்பானிய உள்நாட்டுப் போரினின்று தப்பிய பாஸ்க் சிறுவர் ஏறத்தாழ 4,000 பேர் ‘ஹபானா’ என்னும் ஒரே கப்பலில் இங்கு வந்திறங்கினர். பெற்றோர் உடன் வரவில்லை. அரசு இறங்க அனுமதித்தது. செலவை ஏற்க மறுத்தது. நோர்த் ஸ்டோனம் வயல்களில் தன்னார்வலர் கூடாரமடித்து அவர்களைத் தங்கவைத்தனர். சிலர் இந்நாட்டிலேயே வாழ்ந்து மூத்தனர். பெற்றோர் வழியனுப்பத் தனியே கப்பலேறிய பிள்ளைகளைப் பற்றி நம் சமூகத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

மூன்று ஆண்டுகளில் குண்டு இந்நகர் மீதே விழுந்தது. வூல்ஸ்டனில் இருந்த ஸ்பிட்பயர் விமானத் தொழிற்சாலை 1940 செப்டெம்பரில் தாக்கப்பட்டது. நவம்பர் 30இலும் டிசெம்பர் 1இலும் இரவிரவாகப் பெய்த குண்டுகள் கடைத்தெருவை அழித்தன. போர்க்காலம் முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். ‘ஹை ஸ்ட்ரீட்’, ‘அபவ் பார்’ பகுதிகளின் தாழ்ந்த, எளிய 1950ஆம் ஆண்டுக் கட்டடங்களை அழகற்றவை என்போர் அவை எதன் மேல் எழுந்தவை என்பதையும் எண்ணவேண்டும். 1964இல் சவுத்தாம்ப்டனுக்கு மாநகரத் தகுதி கிடைத்தது.

இன்றைய துறைமுகம்

விமானப் பயணம் பெருகியபின் அத்திலாந்திக் பயணிக் கப்பல்கள் ஓய்ந்தன. 1968இல் கொள்கலன் முனையம் தொடங்கியது. இன்று ஐந்து உல்லாசப் பயண முனையங்கள், கார் ஏற்றுமதி, கொள்கலன் வணிகம் என மூவழியில் துறைமுகம் இயங்குகிறது. ஆயினும் முன்பு ஆயிரமாயிரம் பேர் செய்த வேலையைப் பாரந்தூக்கிகள் செய்கின்றன. அயலிலுள்ள வீடுகளின் வாழ்வு துறைமுகத்தைச் சார்ந்திருந்த காலம் போய்விட்டது. இன்று மிகப் பலருக்கு வேலை தருவன பொது மருத்துவமனை, பல்கலைக்கழகங்கள், கடைகள், கிடங்குகள்.

சொத்துரிமையின் வரலாறும் சுவையானதே. தனியார் நிறுவனம் கட்டிய துறையை 1892இல் புகையிரத நிறுவனம் வாங்கியது, 1948இல் அரசுடைமையாயிற்று, 1983இல் பங்குச்சந்தையில் விற்கப்பட்டது. உரிமையாளரான அசோசியேட்டட் பிரிட்டிஷ் போர்ட்ஸ் நிறுவனத்தின் பங்குகள் இன்று கனடாவின் ஓய்வூதிய நிதிகள், சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனம் முதலியோர் கையில் உள்ளன. கொள்கலன் முனையத்தை நடத்துவது துபாயைத் தலைமையகமாகக் கொண்ட நிறுவனம். வேலி ஏன் அங்கே நிற்கிறது என்பதற்கு இதுவே சட்டரீதியான விடை. நீரைத் தொட விரும்புவோருக்கு மேபிளவர் பார்க்கும் வெஸ்டன் கரையும் உள.

எனினும் தனியுடைமை என்பதால் அயலாருக்குக் குரலில்லை என்றாகாது. கழிமுகத்தின் மறுகரையில், டிப்டன் பே என்னுமிடத்தில் புதிய கொள்கலன் முனையம் கட்ட விண்ணப்பம் வந்தபோது, ஓராண்டுக்கு மேலாகப் பொது விசாரணை நடந்தது. குடியிருப்பாளர், இயற்கை ஆர்வலர், உள்ளூராட்சி அமைப்புகள் சாட்சியமளித்தனர். 2004இல் அமைச்சர் விண்ணப்பத்தை நிராகரித்தார். காற்று மாசு பற்றி மேற்குத் துறையருகே வாழ்வோர் நெடுங்காலம் முறையிட்டனர். 2022இல் இரு பயண முனையங்களில் கப்பல்களுக்குக் கரையிலிருந்து மின்சாரம் தரும் வசதி வந்தது. அதனை இணைத்துக்கொள்ளும் கப்பல் துறையில் நிற்கையில் தன் இயந்திரத்தை ஓடவிடத் தேவையில்லை. எல்லாக் கப்பல்களும் இன்னும் அவ்வாறு செய்வதில்லை.

உங்கள் தெருவில் கட்டட விண்ணப்பம் ஒன்று வரின், மின்கம்பத்தில் ஒட்டிய அறிவித்தலையோ கடிதத்தையோ புறக்கணிக்க வேண்டாம். கருத்துத் தெரிவிக்கப் பொதுவாக 21 நாள் உண்டு. சொந்த வீட்டுக்காரர் மட்டுமன்றி வாடகைக்கு இருப்போரும் எழுதலாம். ஒளி, போக்குவரத்து, இரைச்சல், மரங்கள் போன்றவை கவனத்திற் கொள்ளப்படும். வீட்டின் விலை குறையும் என்பது காரணமாக ஏற்கப்படாது.

வாக்குரிமை

2021 கணக்கெடுப்பின்படி சுமார் 2,49,000 பேர் இம்மாநகரில் வாழ்கின்றனர். பஞ்சாபியர், போலந்தினர், கேரளத்தவர், சோமாலியர் எனப் பல மக்கள். பஞ்சாபியரின் குருத்துவாராக்களும், றட்கிளிஃப் வீதியிலுள்ள இந்துக் கோயிலும் பழைய நோர்தம், செயின்ட் மேரிஸ் தெருக்களை ஒட்டியே உள. 1912இல் துயருற்ற அதே தெருக்கள்.

‘ஓக் புக்’ காலத்தில் அயலார் உரிமை பெறச் சங்கத்தில் சேர்க்கப்பட வேண்டும். இன்று வாக்களிக்கப் பிரித்தானியக் குடியுரிமை வேண்டும் என்று நம்மவருட் பலர் கருதியிருக்கின்றனர். அது தவறு. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், கனடா முதலிய பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள், இந்நாட்டில் வாழ அனுமதி உடையோராயின், மாணவர் வீசாவில் இருப்பினும், உள்ளூராட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். அகதி விண்ணப்பம் முடிவுறாது வேறெந்த அனுமதியும் இன்றி இருப்போருக்கு இது பொருந்தாது.

ஐரோப்பாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தோருக்கு விதி வேறு. பிரான்சு, செருமனி, நெதர்லாந்து முதலிய ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடியுரிமை பெற்றோர், 2020 டிசெம்பர் 31 அன்றும் அதன்பின்னும் இந்நாட்டில் சட்டப்படி வாழ்ந்துவருபவராயின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். அதற்குப் பின் வந்தோருள் டென்மார்க், லக்சம்பேர்க், போலந்து, போர்த்துக்கல், ஸ்பெயின் ஆகிய ஐந்து நாட்டவருக்கே அவ்வுரிமை உண்டு. நோர்வே, சுவிற்சர்லாந்துக் குடியுரிமை மட்டும் உடையோருக்கு இல்லை.

வாக்காளர் இடாப்பில் பெயர் தானாகச் சேராது. வீட்டு வரி செலுத்துவதும் பதிவாகாது. வாக்களிப்பு நாளுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் விண்ணப்பம் வந்துசேர வேண்டும். வாக்குச் சாவடியில் ஒளிப்பட அடையாளம் காட்டல் கட்டாயம். பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டு இதற்குப் போதும். காலாவதியாகியிருப்பினும், படம் உங்களைப் போன்றிருந்தால் ஏற்கப்படும். ஏற்கத்தக்க எந்த அடையாளமும் இல்லாதோர் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.